ஆஷ்விட்ஸ், 1944: யாரும் போட்டுப் பார்க்காத கணக்கு

1944 ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினம். அன்றைய தேதியிட்ட ஒரு கடிதத்தில் போர்த்துறை உதவிச் செயலர் ஜான் மெக்கிளாய் கையெழுத்திட்டிருக்கிறார். பெறுநர் போர் அகதிகள் வாரியத்தின் இயக்குநர் ஜான் பேலி. ஹங்கேரியிலிருந்து, ஜெர்மானியர் பிடித்த போலந்தில் இருந்த ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு யூதர்களை ஏற்றிப்போகும் ரயில் பாதைகளைக் குண்டுவீசித் தகர்க்க வேண்டும் என்று வந்த கோரிக்கைகளை பேலி போர்த்துறைக்கு அனுப்பியிருந்தார். நடைமுறைக்கு ஒவ்வாது என்பது மெக்கிளாயின் பதில். தீர்மானகரமான சண்டைகளில் இருக்கும் படைகளுக்கு வேண்டிய விமானங்களைத் திருப்பிவிட்டால்தான் இதைச் செய்ய முடியும், செய்தாலும் பலன் சந்தேகமே என்று கடிதம் சொன்னது.

இந்தக் கடிதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முதல் நாள் எழுதப்பட்ட ஒரு துண்டுக் குறிப்பு. மெக்கிளாயின் உதவியாளர் கர்னல் ஹாரிசன் கெர்ஹார்ட் தன் அதிகாரிக்கு எழுதியது: 'இதைக் கொன்றுவிடும்படி நீங்கள் சொன்னது எனக்குத் தெரியும், ஆனால் அதற்குப் பிறகு பேலியிடமிருந்து இணைத்துள்ள கடிதம் வந்திருக்கிறது.' கொல்லச் சொன்னது கோப்பை. ஒரு கோரிக்கையை மேலே போகவிடாமல் முடித்துவிடுவதற்கு அலுவலக ஆங்கிலத்தில் அதுதான் சொல்.

ஒரு கொலைக்களத்தைப் போர்க்காலத்தில் விமானங்களைக் கொண்டு நிறுத்தியிருக்க முடியுமா? இந்தக் கேள்வியில் பல ஆண்டுகளாக இரண்டு கட்சி. குண்டு வீசியிருந்தால் லட்சக்கணக்கானோர் பிழைத்திருப்பார்கள் என்பது ஒன்று. வீசியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது, கைதிகள்தான் செத்திருப்பார்கள் என்பது மற்றது. தேதிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. குண்டு வீசாதது தவறா என்பதில் நியாயமான ஐயத்துக்கு இடம் இருக்கிறது. ஆராய்ந்து பார்க்காமலே 'ஆராய்ந்தோம், முடியாது' என்று எழுதியதில் அப்படி எந்த ஐயமும் இல்லை.

எப்போது தெரிந்தது

1944 மார்ச் 19 அன்று ஜெர்மானியப் படை ஹங்கேரிக்குள் நுழைந்தது. அதுவரை ஐரோப்பாவில் பெரும்பாலும் அழியாமல் எஞ்சியிருந்த பெரிய யூதச் சமூகம் அந்த நாட்டில் இருந்தது. யூதர்களை ஏற்றி அனுப்பும் வேலையை நடத்திய, நாஜிகளின் எஸ்.எஸ். படை அதிகாரி ஐக்மன் தன் ஆட்களோடு புடாபெஸ்ட் வந்து சேர்ந்தார். மே 15 முதல் ஜூலை 9 வரை, 56 நாட்களில், 147 ரயில்களில் சுமார் 4,37,000 பேர் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். அனேகமாக எல்லா ரயிலும் ஆஷ்விட்ஸின் கொலைப்பகுதியான பிர்கெனாவுக்கே போயின. இறங்கியவர்களில் பெரும்பாலோர் அன்றைக்கே விஷவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள். பிணங்களை எரிக்க நான்கு எரிகூடங்களும் போதாமல் திறந்த குழிகளில் எரித்தார்கள்.

இது நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொன்னவர்கள் இருவர். ருடால்ஃப் விர்பா, ஆல்ஃபிரெட் வெட்ஸ்லர் என்ற ஸ்லோவாக்கிய யூதர்கள் ஏப்ரல் 7 அன்று பிர்கெனாவில் கட்டுமான மரக்குவியல் ஒன்றுக்குள் ஒளிந்தார்கள். தேடுதல் ஓயும்வரை மூன்று நாள் அதற்குள்ளேயே கிடந்து, பிறகு நடந்தே எல்லையைக் கடந்து, ஏப்ரல் கடைசி வாரம் ஜிலினா நகரில் தாங்கள் கண்டதை யூதச் சபையினரிடம் சொல்லி எழுதவைத்தார்கள். எரிகூடங்கள் எங்கே இருக்கின்றன, எப்படி இயங்குகின்றன, எந்த நாட்டிலிருந்து எத்தனை ரயில் வந்தது என்று வரைபடத்தோடு தந்த அறிக்கை அது.

அந்த அறிக்கை போன வேகம் ஒரு தனி வேதனை. சுருக்கமான வடிவம் சுவிட்சர்லாந்தை எட்டியது ஜூன் நடுவில். பெர்னிலிருந்த வாரியப் பிரதிநிதி எட்டுப் பக்கச் சுருக்கத்தைத் தந்தியில் வாஷிங்டனுக்கு அனுப்பியது ஜூலை 6. முழு அறிக்கை அங்கே போய்ச் சேர்ந்தது நவம்பர் முதல் நாள்.

குண்டுவீசச் சொல்லும் முதல் வேண்டுகோள் அறிக்கையின் முழு வடிவம் பரவும் முன்பே கிளம்பிவிட்டது. பிராட்டிஸ்லாவாவில் தலைமறைவாகச் செயல்பட்ட ரப்பி மிக்கேல் டோவ் வைஸ்மண்டெல் மே நடுவிலேயே, கோஷிட்சே–பிரெஷோவ் ரயில் பாதையைத் தகர்க்கும்படி சுவிட்சர்லாந்துக்குச் சங்கேதத் தந்தி அனுப்பினார். அது கைமாறிக் கைமாறி நியூயார்க்கை அடைந்து, யூத அமைப்பு ஒன்றின் தலைவர் ஜேக்கப் ரோசன்ஹெய்ம் வழியாக அமெரிக்க அரசிடம் போனபோது ஜூன் 18. ஒரு மாதம் போயிருந்தது. அந்த மாதத்தின் ஒவ்வொரு நாளும், சராசரிக் கணக்கில், 7,800 பேர்.

கேட்டவர்களே தயங்கினார்கள்

இதை மறைத்துவிட்டு இந்த வழக்கை எழுதுபவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. ஜூன் 24 அன்று மெக்கிளாயை நேரில் சந்தித்த பேலி, தனக்கே பல ஐயங்கள் இருப்பதாகச் சொன்னார். ராணுவ விமானங்களை இதற்குப் பயன்படுத்துவது சரிதானா, பாதையைப் போதுமான காலம் முடக்கிவைக்க முடியுமா, முடக்கினாலும் ஹங்கேரி யூதர்களுக்கு அதனால் நன்மை உண்டா? இப்போதைக்கு எதையும் செய்யச் சொல்லவில்லை, ஆராய்ந்து பார்க்கச் சொல்கிறேன் என்ற தொனியில்தான் பேசினார்.

ஜெருசலேமில், பாலஸ்தீன யூதர்களின் பிரதிநிதி அமைப்பான யூத முகமையின் நிர்வாகக் குழு ஜூன் 11 அன்று கூடியது. தலைமை டேவிட் பென்-குரியன். முகாமைக் குண்டுவீசித் தாக்கச் சொல்லலாம் என்று யிட்ஸாக் குருன்பாம் வாதாடினார். அநேகமாக மற்ற எல்லோரும் எதிர்த்தார்கள். போலந்தில் உண்மையில் என்ன நடக்கிறதென்று நமக்குத் தெரியாது, யூதர்கள் இருக்கும் இடத்தில் குண்டு போடச் சொல்லி நாமே கேட்பதா என்றார்கள். அவர்கள் மனத்தில் ஆஷ்விட்ஸ் அப்போது ஒரு தொழிலாளர் முகாம். விர்பா–வெட்ஸ்லர் அறிக்கையின் சாரம் கைக்குக் கிடைத்த சில வாரங்களில் முகமையின் தலைவர்கள் அப்படியே திரும்பினார்கள்; லண்டனில் குண்டுவீச்சைக் கேட்டுப் போய் நின்றவர்கள் அவர்கள்தான். உலக யூதக் காங்கிரஸின் லியோன் குபோவிட்ஸ்கி மட்டும் கடைசிவரை உடன்படவில்லை. முதலில் சாகப்போவது யூதர்கள், பழியையும் நம்மீதே போட ஜெர்மானியருக்கு வாய்ப்பாகும் என்று ஜூலை 1 அன்று பேலிக்கு எழுதினார். பாராசூட் வீரர்களோ போலந்துத் தலைமறைவுப் படையோ தரைவழியாகப் போய் அறைகளைத் தகர்க்கட்டும் என்பது அவர் யோசனை. பிறகு ஆகஸ்ட் 9 அன்று, நாடுகடந்த செக் அரசைச் சேர்ந்த எர்னஸ்ட் ஃபிரிஷர் குண்டுவீச்சைக் கேட்டு அனுப்பிய செய்தியை மெக்கிளாயிடம் சேர்ப்பித்தவரும் அவரே. தன் கருத்தாக எதையும் சேர்க்காமல் அனுப்பிவைத்தார்.

உள்ளே இருப்பவர்களைக் கொல்லாமல் அந்த இடத்தைத் தகர்க்க முடியாது. அப்படியானால் அந்த உயிர்களைப் பணயம் வைக்க வெளியில் இருப்பவருக்கு என்ன உரிமை? இந்தக் கேள்விக்கு 1944 ஜூன் மாதத்தில் ஒருவர் தடுமாறினார் என்றால் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மெக்கிளாயின் அலுவலகம் தடுமாறியது இந்தக் கேள்வியில் அல்ல. அவர்கள் அதைத் தொடவே இல்லை.

ஜனவரியில் எழுதிவைத்த பதில்

போர்த்துறைக்குள் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். ஜூன் 26 அன்று படை நடவடிக்கைப் பிரிவின் மேஜர் ஜெனரல் ஜான் ஹல் இந்தக் கோரிக்கை நடைமுறைக்கு ஒவ்வாது என்று குறிப்பெழுதினார். இத்தாலியில் இருந்த விமானப்படைத் தலைமையிடம், உங்களால் அங்கே போக முடியுமா, எத்தனை விமானம் தேவைப்படும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை, ஏனென்றால் கொள்கை அந்த ஆண்டு ஜனவரியிலேயே எழுதப்பட்டுவிட்டது. எதிரியின் ஒடுக்குமுறைக்கு ஆளானவர்களை மீட்பதற்கென்று படைப்பிரிவுகளை அனுப்பும் எண்ணம் இல்லை. எதிரிப் படையைத் தோற்கடிக்க நடக்கும் நடவடிக்கையின் நேரடி விளைவாக மீட்பு அமைந்தால் மட்டும் அமையட்டும். போர் அகதிகள் வாரியத்தை ரூஸ்வெல்ட் அமைத்தது ஜனவரி 22. அதைப் பார்த்துப் போர்த்துறை எழுதிக்கொண்ட முன்ஜாக்கிரதை இது. பின்னால் வந்த மறுப்புகள் எல்லாம் இந்த ஒரு வரியின் நகல்கள்.

இதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. 1941 ஜனவரியில், ஆஷ்விட்ஸ் போலந்துக் கைதிகளின் முகாமாக இருந்த காலத்தில், கைதிகள் தப்புவதற்கு வழிசெய்ய அதன்மீது குண்டு வீசும்படி நாடுகடந்த போலந்து அரசுத் தரப்பு லண்டனில் கேட்டது. வான்படைத் தளபதி போர்ட்டல் மறுத்தார். அப்போதும் காரணம் தூரமும், எண்ணெய் இலக்குகளிலிருந்து விமானங்களைத் திருப்ப முடியாது என்பதும்தான். 1941இல் அது உண்மைக் காரணம். அத்தனை தூரம் போதிய குண்டுகளைச் சுமந்துபோகும் விமானம் பிரிட்டனிடம் அன்று அநேகமாக இல்லை. மூன்றரை ஆண்டில் விமானங்கள் மாறிவிட்டன, தளங்கள் மாறிவிட்டன, முகாமும் வேறொன்றாக மாறிவிட்டது. மறுப்பின் வாசகம் மட்டும் மாறவில்லை.

லண்டனில் 1944 ஜூலை 6 அன்று யூத முகமைத் தலைவர்கள் ஹைம் வைஸ்மனும் மோஷே ஷெர்டோக்கும் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஈடனைச் சந்தித்தார்கள். மறுநாள் சர்ச்சில் ஈடனுக்கு எழுதினார்: 'விமானப்படையிடமிருந்து என்ன பெற முடியுமோ பெறுங்கள், தேவைப்பட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.' பிரதமரே இப்படிச் சொல்லியும் வண்டி நகரவில்லை. வான்படை அமைச்சர் ஆர்ச்சிபால்ட் சின்க்ளேர் ஜூலை 15 அன்று பதில் அனுப்பினார். ரயில் பாதையைத் துண்டிப்பது எங்கள் சக்திக்கு அப்பாற்பட்டது, முகாம் இரவில் போகமுடியாத தூரம், பகலில் வேண்டுமானால் அமெரிக்கர்கள் போகலாம், போனாலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுமா தெரியாது என்று. அவரிடம் கருத்து கேட்கவில்லை, செயல்படச் சொன்னோம் என்று ஈடன் அந்தக் கடிதத்தின் ஓரத்தில் எரிச்சலோடு எழுதினார். அத்தோடு அவருடைய எரிச்சலும் தீர்ந்தது போலிருக்கிறது. வான்படை முகாமின் இட விவரங்களைக் கேட்டது. போலந்து அரசிடமிருந்து அவை வந்தபோது வெளியுறவுத் துறையிலேயே தங்கிவிட்டன. செப்டம்பர் 1 அன்று வைஸ்மனுக்குக் கடிதம் போனது: மிகப்பெரிய தொழில்நுட்பச் சிக்கல்கள் காரணமாகக் கைவிடுகிறோம்.

இந்தச் செப்டம்பர் 1 எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால்தான் 127 அமெரிக்க விமானங்கள் ஆஷ்விட்ஸுக்குப் போய்வந்திருந்தன.

முடிந்திருக்குமா

ஆகஸ்ட் 20, ஞாயிறு. இத்தாலியின் ஃபோஜ்ஜாவைச் சுற்றியிருந்த தளங்களிலிருந்து கிளம்பிய 15ஆவது விமானப்படையின் 127 பி-17 கனரகக் குண்டுவீச்சு விமானங்கள், மஸ்டாங் போர் விமானங்களின் துணையோடு, ஆஷ்விட்ஸை ஒட்டிய மோனோவிட்ஸில் இருந்த ஐ.ஜி. ஃபார்பன் ரசாயன ஆலையின் மீது 1,336 குண்டுகளை வீசின. ஒவ்வொன்றும் 500 பவுண்டு. பிர்கெனாவின் விஷவாயு அறைகள் அங்கிருந்து 8 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருந்தன. செப்டம்பர் 13 அன்று 96 பி-24 விமானங்கள் மறுபடி வந்தன. அன்று குறி தவறிய குண்டுகள் ஆஷ்விட்ஸ் முதன்மை முகாமில் விழுந்து 15 எஸ்.எஸ். ஆட்களும் சுமார் 40 கைதிகளும் இறந்தார்கள்; சில பிர்கெனாவுக்குப் போகும் ரயில் கிளைப்பாதையருகே விழுந்தன. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அதே வட்டாரத்தில் பிளெக்ஹாமர், ஒடெர்டால், டிஷெபினியா எண்ணெய் ஆலைகளும் அடிபட்டன. ஆக, தூரம் ஒரு காரணமே அல்ல. விமானங்களைத் திருப்பவும் வேண்டாம், அவை ஏற்கெனவே அந்த வானத்தில்தான் இருந்தன.

இதை மட்டும் சொல்லி வழக்கை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. முடியாது. அங்கே போவது வேறு, அடிப்பது வேறு.

முதலில் ரயில் பாதை. வைஸ்மண்டெலும் மற்றவர்களும் முதலில் கேட்டது இதைத்தான். இதுதான் ஆகக் கடினமானதும். 56 நாளில் 147 ரயில் என்றால் நாளொன்றுக்கு மூன்று ரயில்கூட இல்லை. ஒரு பெரும் படைக்குத் தளவாடம் போகும் பாதையைத் துண்டித்தால், நாற்பது ரயிலுக்குப் பதில் பத்துதான் போகும் என்று எதிரியை நெருக்கலாம். மூன்று ரயிலுக்கு ஏதோ ஒரு பாதை, சுற்றிப்போகும் ஒற்றைத் தடமாக இருந்தாலும், கிடைத்துவிடும். தண்டவாளத்தில் விழுந்த பள்ளத்தைச் சில மணி நேரத்தில், மோசமென்றால் சில நாளில், ஜெர்மானியர்கள் சரிசெய்துகொண்டுதான் இருந்தார்கள். பெரிய பாலங்கள் விழுந்தால் தாமதம் கூடும். ஆனால் நடுவழியில் நின்றுபோகும் பெட்டிகளுக்குள் எழுபது எண்பது பேர் தண்ணீரில்லாமல் அடைபட்டிருப்பார்கள். போர்த்துறை சொன்ன 'பலன் சந்தேகம்' என்ற சொல் ரயில் பாதையைப் பொறுத்தவரை பொய்யில்லை. அவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து எரிகூடங்கள். நான்கு கட்டடங்கள். இரண்டில் விஷவாயு அறை நிலத்தடியில் இருந்தது. பக்கத்திலேயே வரிசை வரிசையாகக் கைதிகளின் கொட்டடிகள். அன்றைய கனரக விமானங்கள் 6,000, 7,000 மீட்டர் உயரத்திலிருந்து வீசிய குண்டுகளில், தெளிவான வானிலையிலும், குறியிலிருந்து 300 மீட்டருக்குள் விழுந்தவை பாதிகூட இருக்காது. 1944 ஆகஸ்ட் 24 அன்று பூகன்வால்ட் முகாமை ஒட்டியிருந்த ஆயுத ஆலையை அமெரிக்க விமானங்கள் அடித்தன. மிகத் துல்லியமான தாக்குதல் என்று பெயர் வாங்கியது அது. அதிலும் 300க்கு மேற்பட்ட கைதிகள் இறந்தார்கள். பிர்கெனாவின் கொட்டடிகள்மீது இதைப்போலச் சில தாக்குதல்கள் என்றால் சாவு எண்ணிக்கை எங்கே போகும் என்று நானே கூட்டிப்பார்க்கத் தயங்குகிறேன்.

தாழப் பறந்து அடிக்கும் மாஸ்கிட்டோ விமானங்களை அனுப்பியிருக்கலாமே என்பார்கள். 1944 பிப்ரவரி 18 அன்று பிரான்சில் அமியென் சிறைச்சுவரை அவை உடைத்தன. 258 பேர் தப்பினார்கள், 102 கைதிகள் இறந்தார்கள். கோபன்ஹேகனில் 1945 மார்ச் 21 அன்று கெஸ்டாப்போ தலைமையகத்தை அதே வகை விமானங்கள் அடித்தபோது, விழுந்து எரிந்த ஒரு விமானத்தின் புகையை இலக்கென்று நினைத்துப் பின்னால் வந்தவை ஒரு பள்ளிக்கூடத்தின்மீது குண்டு போட்டுவிட்டன. 80க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். துல்லியம் என்ற சொல்லின் விலை இது. ஆனாலும் 1944 ஜூன் 10 அன்று ஃபோஜ்ஜா பக்கத்திலிருந்து பி-38 விமானங்கள் ருமேனியாவின் புளோயெஷ்ட் வரை பறந்து ஓர் எண்ணெய் ஆலையின்மீது செங்குத்தாகப் பாய்ந்து குண்டு வீசின. இப்படியான தாக்குதலைப் பிர்கெனாவின் மீது திட்டமிட்டிருந்தால் நான்கு கட்டடங்களில் இரண்டையோ மூன்றையோ தகர்த்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். விமானிகளில் பலர் திரும்பியிருக்க மாட்டார்கள். கட்டடம் போனால் கொலை நின்றுவிடுமா? கிழக்கே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களை எந்தக் கட்டடமும் இல்லாமல் துப்பாக்கியால் சுட்டே கொன்றவர்கள் இவர்கள்.

தேதியும் இருக்கிறது. தகவல் தெளிவாக மேற்கே போய்ச் சேர்ந்தது ஜூன் கடைசியில். ஹங்கேரி ரயில்கள் நின்றது ஜூலை 9. அந்த இரண்டு வாரத்தில் திட்டம் வகுத்து, படம் எடுத்து, வானிலை பார்த்து அடித்திருக்க முடியாது. எனவே 'நான்கு லட்சம் பேரைக் காப்பாற்றியிருக்கலாம்' என்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் பிர்கெனா ஓயவில்லை. ஆகஸ்டில் போலந்தின் வுட்ஜ் நகரில் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோவிலிருந்து 60,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 28 வரை செக் பகுதியில் இருந்த தெரேசியன்ஷ்டாட் கெட்டோவிலிருந்து 18,000க்கும் மேல். போர் முனை அப்போது ஆஷ்விட்ஸிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்குள் நெருங்கியிருந்தது. சோவியத் விமானங்களிடம் இதைக் கேட்கலாம் என்று யாரும் தீவிரமாக முயலவில்லை. கணக்குப் போட்டிருந்தால் இந்தப் பெயர்களுக்காகப் போட்டிருக்க வேண்டும்.

குறி வைக்காத குண்டு

ஹங்கேரி ரயில்களை நிறுத்தியது எது? இந்த வழக்கிலேயே எனக்கு மிகவும் வியப்பான இடம் இது.

ஜூன் கடைசி வாரத்தில் ஹங்கேரியின் ஆட்சித் தலைவர் ஹோர்த்திக்கு நாலாபக்கமும் நெருக்கடி வந்தது. ஜூன் 25 அன்று போப் பன்னிரண்டாம் பயஸின் தந்தி, மறுநாள் ரூஸ்வெல்ட்டின் எச்சரிக்கை, 30 அன்று ஸ்வீடன் மன்னர் ஐந்தாம் குஸ்தாவின் கடிதம். சுவிஸ் பத்திரிகைகள் அறிக்கையின் செய்திகளை நாள்தோறும் வெளியிட்டன. இதற்கு நடுவே பெர்னில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்திலிருந்து லண்டனுக்கு ஒரு தந்தி போனது. யூதர்களை ஏற்றி அனுப்புவதில் பங்குள்ள ஹங்கேரி அதிகாரிகளின் பெயர்களும், குண்டு வீச வேண்டிய புடாபெஸ்ட் அலுவலகங்களின் முகவரிகளும் அதில் இருந்தன. ஹங்கேரியர்கள் இடைமறித்துப் படிக்கட்டும் என்றே எளிதில் உடைக்கக்கூடிய முறையில் அனுப்பினார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. அவர்கள் படித்தார்கள்.

ஜூலை 2 அன்று அமெரிக்க விமானங்கள் புடாபெஸ்டைக் கடுமையாக அடித்தன. இலக்கு எண்ணெய் ஆலைகளும் ரயில் யார்டுகளும். அந்தத் தந்திக்கும் இந்தத் தாக்குதலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் முகவரிப் பட்டியலைப் படித்துவிட்டுத் தலைக்கு மேலே குண்டுச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அது எப்படித் தெரியும்? ஹங்கேரிப் பிரதமர் ஸ்தோயாய் இடைமறித்த தந்திகளைப் பற்றி ஜெர்மானியப் பிரதிநிதி வேசன்மயரிடம் சொன்னார். வேசன்மயர் அதை ஜூலை 6 அன்று பெர்லினுக்குத் தெரிவித்தார். அதற்குள் ஹோர்த்தி நிறுத்தச் சொல்லிவிட்டார். தலைநகரில் குவிந்திருந்த, ஊர்ப்புறக் காவல்படையான ஜென்டார்ம் போலீஸை வெளியேற்ற கர்னல் ஃபெரென்ட்ஸ் கோசோருஷின் கவசப் படை இறங்கியது. ஊர்ப்புறங்களில் கடைசி ரயில்கள் ஜூலை 9 வரை போயின. புடாபெஸ்டின் ஏறத்தாழ இரண்டு லட்சம் யூதர்களை ஏற்ற வேண்டிய ரயில்கள் போகவில்லை. அக்டோபரில் ஹோர்த்தி கவிழ்க்கப்பட்ட பிறகு அவர்களுக்கு வந்தது வேறு பெருந்துன்பம். இருந்தும் லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த நகரில் உயிரோடு போர் முடிவைப் பார்த்தார்கள்.

கொலையைச் செய்பவர் எஸ்.எஸ். தலைவர் ஹிம்லர். அவரைப் பயமுறுத்த முடியாது. ரயிலை ஓட்டிக்கொடுப்பவர் ஹோர்த்தி. அவருக்கு நாளை என்ற ஒன்று இருந்தது, தோற்றபின் தன்னை யார் விசாரிப்பார்கள் என்ற அச்சமும் இருந்தது. ராணுவ பலம் பலித்தது அந்த அச்சத்தின் வழியாக. ஆனால் ஆஷ்விட்ஸ் குண்டுவீச்சு விவாதத்தில் இந்த ஜூலை 2 பெரும்பாலும் அடிக்குறிப்பாகத்தான் வருகிறது. இரு தரப்பும் எரிகூடத்தின் கூரையையே பார்த்துக்கொண்டிருப்பதால் இருக்கலாம்.

திருப்பிவிட முடியாத விமானங்கள்

'விமானங்களைத் திருப்ப முடியாது' என்ற வாதத்துக்கு இரண்டு பக்கத்துச் சாட்சிகள். வார்சா எழுச்சி நடந்துகொண்டிருந்தபோது, 1944 செப்டம்பர் 18 அன்று, நூற்றுக்கும் மேற்பட்ட பி-17 விமானங்கள் அங்கே ஆயுதமும் மருந்தும் போட்டன. 1,284 கொள்கலன்களில் போராளிகள் கைக்குக் கிடைத்தவை 300கூட இல்லை. பலன் குறைவென்று ராணுவத்துக்கு முன்பே தெரியும். அரசியல் வேண்டியதால் போனார்கள். இத்தாலியிலிருந்தும் பிரிட்டிஷ், தென்னாப்பிரிக்க, போலந்து விமானிகள் வாரக்கணக்கில் வார்சாவுக்குப் பறந்து ஏராளமானோர் இறந்தார்கள். இரண்டாவது சாட்சி மெக்கிளாயே. 1945 வசந்தத்தில் ரோத்தன்பர்க் என்ற ஜெர்மானியப் பழம்பெரும் நகரைப் பீரங்கிகள் அடித்து நொறுக்கவிருந்தபோது தலையிட்டுத் தடுத்தவர் அவர். அழகான ஊர், பிழைத்தது நல்லதே. ராணுவம் அல்லாத ஒரு காரணத்துக்காக ராணுவத்தின் கையைப் பிடிக்க அந்தப் பதவியால் முடியும் என்பதற்கு ரோத்தன்பர்க்கின் கூரைகள் இன்றும் சாட்சி. முதுமையில் மெக்கிளாய், மறுத்தவர் ரூஸ்வெல்ட் என்று சொன்னார். அதற்கு முன் அதிபரோடு இதைப் பேசியதே இல்லை என்று சொல்லியிருந்தார். அதிபரிடம் கோப்பு போனதற்கு ஆவணம் இல்லை.

1978இல் வரலாற்றாசிரியர் டேவிட் வைமன் போர்த்துறைக் கோப்புகளைப் பிரித்துவைத்தபோதுதான் இந்த விவாதம் பொதுவெளிக்கு வந்தது. அதே காலத்தில் சி.ஐ.ஏ.வின் டினோ புரூஜியோனி, ராபர்ட் பாரியர் ஆகிய இருவரும் பழைய வான்படச் சுருள்களைத் தேடி எடுத்தார்கள். 1944 ஏப்ரல் 4 முதலே மோனோவிட்ஸ் ஆலைக்காக எடுத்த படங்களில் ஆஷ்விட்ஸும் பிர்கெனாவும் விழுந்திருந்தன. ஆகஸ்ட் 25ஆம் தேதிப் படத்தில் எரிகூடத்தை நோக்கிப் போகும் மனித வரிசை தெரிகிறது. படத்தைப் பார்த்த அன்றைய ஆட்கள் திறமைக் குறைவானவர்கள் அல்ல. அவர்களிடம் ஆலையை எண்ணச் சொல்லியிருந்தார்கள், எண்ணினார்கள். லண்டன் வான்படை அமைச்சகத்துக்கு இல்லாமற்போன படங்களும் இவைதான். 1994இல் அமெரிக்க வான்படை ஆவணக்காப்பாளர் ஜேம்ஸ் கிச்சன்ஸ், வைமனை எதிர்த்து, இது நடக்காத காரியம் என்று விமானம் விமானமாக எழுதினார். அவர் வாதங்களில் பல எனக்குச் சரியாகவே படுகின்றன. ஆனால் ஐம்பது ஆண்டு கழித்து எழுதிய அந்த ஆய்வு, 1944 ஜூன் 26 அன்று ஹல்லின் மேசையில் இருந்திருக்க வேண்டியது.

கிச்சன்ஸ் எழுதிய அதே 1994இல் ருவாண்டாவில் நூறு நாள் கொலை நடந்தது. யாரைக் கொல்ல வேண்டும், எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று ஒரு வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. அதன் அலைவரிசையைக் குலைக்க ஒரு விமானத்தை அனுப்பலாமா என்று கேட்டதற்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை மே 5 அன்று பதில் எழுதியது: பலன் தராது, செலவு அதிகம், பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் 8,500 டாலர். மெக்கிளாயின் துறையின் வாரிசு இந்தத் துறை. இந்த முறை ஒரு எண்ணாவது போட்டுப் பார்த்தார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1999 மார்ச் 24 அன்று நேட்டோ கொசோவோவுக்காகக் குண்டுவீசத் தொடங்கிய பிறகுதான் அங்கே வெளியேற்றம் உச்சத்துக்குப் போனது. 78 நாளில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அல்பேனியர்கள் எல்லை தாண்டினார்கள். கடைசியில் செர்பியப் படை விலகியது, அவர்கள் வீடு திரும்பினார்கள். குண்டு வீசினால் வெறி கூடும் என்று 1944 ஆகஸ்ட் 14 அன்று மெக்கிளாய் குபோவிட்ஸ்கிக்கு எழுதியதைக் கொசோவோவுக்குச் சொல்லியிருந்தால் ஓரளவு பொருந்தும். வந்திறங்கிய அன்றே எல்லோரையும் கொன்றுகொண்டிருந்த பிர்கெனாவில் கூட்டுவதற்கு வெறி எங்கே மிச்சம் இருந்தது?

2008 ஜனவரியில் ஜெருசலேமில் உள்ள யூத இனப்படுகொலை நினைவகமான யாத் வஷேமுக்கு வந்த அமெரிக்க அதிபர் புஷ், அந்த வான்படங்களின் முன்னால் நின்று, நாம் குண்டு வீசியிருக்க வேண்டும் என்று தன் வெளியுறவுச் செயலரிடம் சொன்னதாக நினைவகத் தலைவர் தெரிவித்தார். எந்தத் தேதியில், எந்த இலக்கில் என்று அவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஓர் எரிகூடம் 1944இல் போரின் நடுவிலேயே தகர்ந்தது. பக்கத்து ஆயுத ஆலையில் வேலை செய்த பெண் கைதிகள் வெடிமருந்தைச் சிட்டிகை சிட்டிகையாகத் துணிமடிப்பில் கடத்தி மாதக்கணக்கில் சேர்த்துக்கொடுத்தார்கள். அக்டோபர் 7 அன்று எரிகூடத்தில் வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகள் கிளர்ந்தெழுந்து நான்காம் எரிகூடத்துக்குத் தீ வைத்தார்கள். அது மறுபடி இயங்கவில்லை. கிளர்ச்சியில் சுமார் 450 கைதிகள் கொல்லப்பட்டார்கள். ரோசா ரோபோட்டா உட்பட நான்கு பெண்களை 1945 ஜனவரி 6 அன்று தூக்கிலிட்டார்கள். மற்ற எரிகூடங்கள் அந்த அக்டோபர் முழுதும் ஓடின.

நவம்பர் முதல் நாட்களில் விஷவாயு நிறுத்தப்பட்டது. அதே நாட்களில்தான் விர்பா–வெட்ஸ்லர் அறிக்கையின் முழு வடிவம் பேலியின் கைக்கு வந்தது. படித்தவருக்கு ஜூன் மாதத்து ஐயங்கள் எதுவும் மிஞ்சவில்லை. எரிகூடங்களைக் குண்டுவீசித் தகர்க்கும்படி முதல்முறையாகத் தயக்கமில்லாமல் மெக்கிளாய்க்கு எழுதினார். தேதி நவம்பர் 8. மறுப்பு நவம்பர் 18 அன்று வந்தது. பேலி அறிக்கையைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். நவம்பர் 26 அன்று வெளியானது. அந்த வாரம் பிர்கெனாவில் எஸ்.எஸ். ஆட்கள் எரிகூடங்களைத் தாங்களே பிரித்துக்கொண்டிருந்தார்கள்.